கடற்கரையை நடந்தே அளந்தவர்

சதீஷ் பாஸ்கரின் கடலாமை ஆராய்ச்சி: பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து படிக்க ஒரு பாடம்

திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் நமக்குக் கடல் அந்நியமானதல்ல. கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினால் சங்குமுகமும் கோவளமும் தூரமில்லை. விடுமுறை நாட்களில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம். கடலை வாங்கிக் கொடுக்கிறோம். அலையில் கால் நனைத்துவிட்டுத் திரும்புகிறோம். அந்தக் கடலில் நம்மைப் போலவே பிழைப்புக்காக நெடுந்தூரம் போய், ஆனால் பிறந்த மண்ணை மறக்காமல் திரும்பி வரும் ஒரு ஜீவன் உண்டு. அதுதான் கடலாமை. எந்தக் கரையில் முட்டையிலிருந்து வெளிவந்ததோ, பல ஆண்டுகள் கழித்து அந்தக் கரையை ஒட்டிய பகுதிக்கே பெண் ஆமை முட்டையிட வருகிறது.

இந்தியாவின் எந்தெந்தக் கரைக்கு எந்தெந்த ஆமை வருகிறது, எத்தனை வருகிறது என்ற விவரம் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் யாரிடமும் முழுமையாக இல்லை. அதைத் தெரிந்துகொள்ள ஒருவர் நடந்தார். சுமார் 4,000 கிலோமீட்டர் கடற்கரையை நடந்தே பார்த்தார். கன்னியாகுமரியிலிருந்து ஜம்மு வழியாகக் கட்ரா வரை ஓடும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸின் முழுத் தூரத்தைவிட இது அதிகம். அவர் பெயர் சதீஷ் பாஸ்கர். கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்துச் செறாயியில் 1946ல் பிறந்தவர். சென்னையில் படிக்க வந்து, அங்கேதான் தம் வாழ்க்கைப் பாதையைக் கண்டுகொண்டவர். கேரளத்திலிருந்து தமிழகம் போன ஒருவரைப் பற்றி, தமிழகத்திலிருந்து கேரளம் வந்த நாம் தெரிந்துகொள்வது பொருத்தம்தானே.

ஐந்து ஆமைகள்

முதலில் அடிப்படைச் செய்திகள். உலகில் கடலாமை இனங்கள் ஏழு. அவற்றில் ஐந்து இந்தியக் கடல்களில் காணப்படுகின்றன. நம் மீனவர்கள் இவற்றுக்கு அழகான தமிழ்ப் பெயர்கள் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் இவற்றை ஆங்கிலத்தில் மட்டும் தெரிந்துகொண்டால் போதாது.

சிற்றாமை: இதைப் பங்குனி ஆமை என்றும் சொல்வார்கள். ஒரிசா முதல் கேரளம் வரை நம் கரைகளுக்கு அதிகமாக வருவது இதுதான். எடை பெரும்பாலும் 35 முதல் 50 கிலோ வரை இருக்கும்.

பேராமை: கடற்புல்லை மேய்வது. 100 கிலோவுக்கு மேலும் வளரும். லட்சத்தீவுகளில் இதுவே முக்கியமான ஆமை.

அழுங்காமை: பருந்தின் அலகு போன்ற மூக்கு உடையது. இதன் அழகான ஓட்டுக்காகவே பல நூற்றாண்டுகள் வேட்டையாடப்பட்டது.

ஏழுவரி ஆமை: முதுகில் நீளவாக்கில் ஏழு வரம்புகள் இருப்பதால் இந்தப் பெயர். இதற்குக் கெட்டியான ஓடு கிடையாது. தோல் போர்த்தியது போல் இருக்கும். ஆமைகளில் மிகப் பெரியது இதுவே. 500 கிலோவையும் தாண்டும். உணவோ வெறும் சொறிமீன்!

பெருந்தலை ஆமை: நம் கடலில் அரிதாகக் காணப்படுவது.

முதல் நான்கும் இந்தியக் கரைகளில் முட்டையிடுகின்றன. பெண் ஆமை இரவில் கரையேறி, ஈர மணலில் குழி தோண்டி, இனத்தைப் பொறுத்து எண்பது முதல் நூற்றைம்பது முட்டைகள் வரை இட்டு, மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். தாய் அடைகாப்பதில்லை. மணலின் சூடே அடைகாக்கிறது. சுமார் 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் மணலின் வெப்பமே தீர்மானிக்கிறது. சூடு அதிகமானால் பெண் குஞ்சுகள் அதிகம். ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றுதான் வளர்ந்து பெரிதாகும் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

படிப்பை விட்டுக் கடற்கரைக்கு

சதீஷ் பாஸ்கர் சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். ஆனால் அவருடைய மனம் வகுப்பறையில் நிற்கவில்லை. கடலில் நீந்துவதிலும் கரையில் அலைவதிலும்தான் அவருக்கு நாட்டம். படிப்பை முடிக்கவில்லை. அந்த நாட்களில் கிண்டியில் பாம்புப் பண்ணையை நடத்திவந்த ரோமுலஸ் விட்டேக்கரின் தொடர்பு கிடைத்தது. 1970களின் தொடக்கத்தில் அந்தப் பண்ணையைச் சேர்ந்தவர்கள் சென்னைக் கடற்கரையில் இரவு நேரங்களில் நடந்து, சிற்றாமை முட்டைகளைத் திருட்டுப் போகாமல் எடுத்துப் பாதுகாத்துப் பொரிக்கவைக்கத் தொடங்கியிருந்தார்கள். இன்றும் சென்னையில் மாணவர்கள் பருவந்தோறும் நடத்தும் ஆமை நடைக்கு அதுவே வித்து.

பாம்பையும் முதலையையும் ஆராய ஆட்கள் இருந்தார்கள். கடலாமையை முழுநேரமாக எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. இந்தப் பொறுப்பை ஏற்கலாமே என்று விட்டேக்கர் தூண்ட, பாஸ்கர் ஏற்றுக்கொண்டார். 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்திருந்தது. சட்டம் இருந்தாலும், காப்பாற்ற வேண்டியது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டாமா? 1977ல் அவர் லட்சத்தீவுகளுக்குப் போனார். அதன்பின் குஜராத், அந்தமான் நிகோபார், நாட்டின் மற்றக் கரைகள் என்று ஆண்டுக்கு ஆண்டு பயணம் நீண்டது. உலக வனவிலங்கு நிதியம் போன்ற அமைப்புகள் கொடுத்த சொற்பப் பணத்தில் பெரும்பாலும் தனியாளாகவே இதைச் செய்தார்.

பட்டம் இல்லாதவர் விஞ்ஞானி ஆகலாமா என்று சிலர் கேட்கக்கூடும். அவருடைய அறிக்கைகளே பதில். 1984ல் கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட தொகுப்பில், இந்தியக் கடலாமைகளின் பரவலையும் நிலையையும் பற்றி அவர் எழுதிய கட்டுரை உண்டு. பின்னால் வந்த ஆய்வாளர்கள் எந்தக் கரையைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் முதலில் அவருடைய அறிக்கையைத்தான் புரட்ட வேண்டியிருந்தது.

தடத்தைப் பார்த்துக் கணக்கெடுப்பது

ரயில்வேயில் கீமேன் என்று ஓர் ஊழியர் உண்டு. தினமும் காலையில் தம் பகுதித் தண்டவாளத்தை முழுக்க நடந்தே பார்ப்பார். கழன்ற சாவி, தளர்ந்த போல்ட், விரிசல் எதுவானாலும் அவர் கண்ணுக்குத்தான் முதலில் படும். டிராலியில் போகும் இன்ஜினியருக்குத் தெரியாதது நடந்து போகும் கீமேனுக்குத் தெரியும். ரயில் பாதைப் பராமரிப்பிலேயே உத்தியோக காலத்தைக் கழித்த எனக்கு, பாஸ்கரின் வேலைமுறையைப் படித்தபோது இந்த ஒப்புமைதான் நினைவுக்கு வந்தது.

ஆமை கரைக்கு வருவது இரவில். ஒரு மனிதர் எல்லாக் கரையிலும் எல்லா இரவும் விழித்திருக்க முடியாது. ஆனால் ஆமை மணலில் தன் தடத்தை விட்டுப் போகிறது. டிராக்டர் போன சுவடு போல இருக்கும். காலையில் நடப்பவர் அதைப் படித்துவிடலாம். எப்படி என்று பார்ப்போம்.

முதலாவது, தடத்தின் அகலம். சிற்றாமையின் தடம் முக்கால் மீட்டர் அளவு. பேராமையினது சுமார் ஒரு மீட்டர். ஏழுவரி ஆமையினது ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை.

இரண்டாவது, துடுப்புக் கால்களின் பதிவு. பேராமையும் ஏழுவரி ஆமையும் முன் துடுப்புகள் இரண்டையும் ஒரே சமயத்தில் ஊன்றி உடலை இழுக்கும். அதனால் இடமும் வலமும் ஒரே சீராக இருக்கும். சிற்றாமையும் அழுங்காமையும் நாம் நடப்பது போல மாற்றி மாற்றி ஊன்றும். அதனால் இரு பக்கப் பதிவுகளும் முன்பின்னாக இருக்கும்.

மூன்றாவது, தடம் எங்கே போய் முடிகிறது என்பது. சில சமயம் ஆமை ஏறி வந்து, மனிதர் நடமாட்டமோ வெளிச்சமோ கண்டு, முட்டையிடாமல் திரும்பிவிடும். அந்தத் தடத்தை முட்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மணல் கிளறி மூடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணிய தடத்தின் குறுக்கே ஒரு கோடு கிழித்துவிட்டால் மறுநாள் இரண்டாம் முறை எண்ணும் தவறு நேராது.

நான்காவது, முட்டைக்குழிகளின் எண்ணிக்கையை ஆமைகளின் எண்ணிக்கையாக மாற்றுவது. ஒரு பெண் ஆமை ஒரு பருவத்தில் பல முறை முட்டையிடும். ஏழுவரி ஆமை சுமார் பத்து நாட்களுக்கு ஒரு முறை கரையேறி, ஒரு பருவத்தில் சராசரியாக ஐந்து முறை முட்டையிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கரையில் 60 குழிகள் இருந்தால் 60 ஆமைகள் என்று எழுதக் கூடாது. 60ஐ 5ஆல் வகுத்து 12 என்று எழுத வேண்டும். இதை உறுதிசெய்யவே துடுப்பில் எண் பொறித்த சிறு உலோகத் தகட்டை மாட்டிவிடுகிறார்கள். அதே எண் மறுபடி வந்தால் அதே ஆமை.

கருவிகள் என்று பெரிதாக ஒன்றுமில்லை. டேப், நோட்டுப் புத்தகம், டார்ச், கால்கள். இவற்றோடு மீனவர்களிடம் மரியாதையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம். இந்த ஐந்தையும் கொண்டே அவர் ஒரு நாட்டின் கடலாமைக் கணக்கைத் தொடங்கிவைத்தார்.

சுஹேலித் தீவில் ஒரு மழைக்காலம்

லட்சத்தீவுகளில் சுஹேலி என்பது மக்கள் நிரந்தரமாகக் குடியிராத இடம். நல்ல காலநிலையில் பக்கத்துத் தீவு மீனவர்கள் வந்து தங்குவார்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் படகுப் போக்குவரத்து நின்றுவிடும். 1977ல் முதன்முறை போனபோதே, சுஹேலி வலியகரையில் பேராமைகள் முட்டையிடுவதையும், அதுவும் மழைக்காலத்தில்தான் அதிகம் என்பதையும் பாஸ்கர் அறிந்துகொண்டார். அப்படியானால் கணக்கு எடுக்க வேண்டியது மழைக்காலத்தில். ஆனால் அப்போது தீவுக்குப் போகவும் முடியாது. அங்கிருந்து வரவும் முடியாது.

அவர் கண்ட வழி எளிமையானது. மழைக்கு முன்பே போய் இறங்கிவிடுவது. மழை முடிந்த பிறகு திரும்புவது. 1982ல் அதையே செய்தார். வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும் இருக்க, அரிசி பருப்பு முதலான சாமான்களுடன் சுமார் ஐந்து மாதம் அந்தத் தீவில் தன்னந்தனியாக இருந்தார். ரேடியோத் தொடர்பு கிடையாது. காய்ச்சல் வந்தால் மருந்து கொடுக்க ஆள் கிடையாது. புயலிலும் மழையிலும் தினமும் தீவைச் சுற்றி வந்து தடங்களை எண்ணினார். ஆமைகளை அளந்து குறித்தார்.

வீட்டுக்குக் கடிதம் எழுதுவார். தபால்காரர் இல்லாததால் பாட்டிலில் போட்டு அடைத்துக் கடலில் விட்டார். 1982 ஜூலை 3ஆம் தேதி விட்ட ஒரு கடிதம், 24 நாட்கள் கழித்து இலங்கை மீனவர் ஒருவர் கையில் கிடைத்தது. அந்த நல்ல மனிதர் தம் கடிதத்தையும் சேர்த்து, பாஸ்கரின் மனைவிக்குத் தபாலில் அனுப்பிவைத்தார்.

இதில் ஒரு விஞ்ஞானப் பாடமும் இருக்கிறது. தூரம் சுமார் 800 கிலோமீட்டர். 24ஆல் வகுத்தால் நாளொன்றுக்குச் சுமார் 33 கிலோமீட்டர். மணிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பாட்டிலுக்கு இயந்திரமா இருக்கிறது? தென்மேற்குப் பருவத்தில் மேற்குக் கரை ஓரமாக நீரோட்டம் தெற்கு நோக்கி வந்து, பிறகு இலங்கைக்குத் தெற்கே கிழக்கு நோக்கித் திரும்புகிறது. பாட்டில் போன வழி அந்த நீரோட்டத்தின் வழி. முட்டையிலிருந்து வந்த ஆமைக் குஞ்சுகளும் தம் முதல் பயணத்தில் இப்படித்தான் நீரோட்டங்களில் மிதந்து போகின்றன.

அந்தமான், நிகோபார்

1978 முதல் 1990களின் நடுப்பகுதி வரை பாஸ்கர் திரும்பத் திரும்பப் போனது அந்தமான் நிகோபார் தீவுகளுக்குத்தான். அங்கே நூற்றுக்கணக்கான தீவுகள். பலவற்றில் சாலையும் இல்லை, ஊரும் இல்லை. முதலை வாழும் கழிமுகங்களைக் கடந்து, முதுகில் மூட்டையுடன் கரை கரையாக நடந்தார். தென்கோடியிலுள்ள பெரிய நிகோபாரில் கலாத்தியா ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய மணற்பரப்பில் ஏழுவரி ஆமைகள் முட்டையிடுவதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் அவரே. அந்தமானில் இன்டர்வியூ தீவுக்கு அருகேயுள்ள சவுத் ரீஃப் என்ற சின்னஞ்சிறு தீவில் பல பருவங்கள் தங்கி அழுங்காமைகளைக் கவனித்தார். ஒரே இடத்தை ஆண்டுக்கு ஆண்டு பார்த்தால்தான், எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல முடியும். ஒரு வருஷக் கணக்கு ஒரு புகைப்படம். பத்து வருஷக் கணக்கு ஒரு திரைப்படம்.

நம் பகுதிக்கும் இதில் தொடர்பு உண்டு. 1920களில் கொல்லம் கடற்கரையில் ஏழுவரி ஆமைகள் முட்டையிட வந்ததாகப் பழைய குறிப்பு இருக்கிறது. இன்று இந்தியாவில் அந்த ஆமையின் முட்டையைப் பார்க்க வேண்டுமானால் அந்தமான் நிகோபாருக்குத்தான் போக வேண்டும். கொல்லத்தில் எப்போது, எப்படி அந்த வரவு நின்றது என்று எவரும் ஆண்டுதோறும் எண்ணி வைக்கவில்லை. எண்ணாத இழப்பு கணக்கில் ஏறுவதில்லை.

பசிபிக் கரையில்

அவருடைய திறமை வெளிநாட்டாருக்கும் எட்டியது. 1984லும் 1985லும் இந்தோனேசியாவில், அப்போது இரியான் ஜயா என்று அழைக்கப்பட்ட மேற்கு நியூகினியின் வட கரைக்கு அவரை உலக வனவிலங்கு நிதியம் அனுப்பியது. வரைபடத்தில் பறவையின் தலைபோலத் தோன்றும் தீபகற்பம் அது. அங்கே ஜமுர்ஸ்பா மேதி என்ற சுமார் 18 கிலோமீட்டர் மணற்கரையில் ஏழுவரி ஆமைகள் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. பாஸ்கர் முட்டைக்குழிகளை எண்ணினார். ஏறக்குறைய 700 ஆமைகளுக்கு எண் தகடு மாட்டினார். அரை டன் எடையுள்ள விலங்குக்கு அருகே இருட்டில் உட்கார்ந்து, முட்டையிடும் நேரம் பார்த்துத் தகடு மாட்டுவது எளிதான காரியமல்ல.

இப்போது பாடத்தின் மையத்துக்கு வருகிறோம். 2013ல் வெளியான ஓர் ஆய்வு, அந்தக் கரையில் முட்டைக்குழிகள் 1984 முதல் 2011 வரையான 27 ஆண்டுகளில் சுமார் 78 சதவீதம் குறைந்துவிட்டதாகக் கூறியது. அதாவது நூறு குழி இருந்த இடத்தில் 22தான். முட்டை எடுப்பு, பன்றிகளும் நாய்களும் குழிகளைத் தோண்டுவது, மணலின் சூடு, நடுக்கடலில் மீன்பிடி வலையிலும் தூண்டிலிலும் சிக்குவது என்று காரணங்கள் பல. இந்த ஆமைகள் இரை தேடிப் பசிபிக்கைக் கடந்து அமெரிக்காவின் மேற்குக் கரை வரை போகின்றன. ஆகவே பல நாடுகள் சேர்ந்துதான் இவற்றைக் காக்க வேண்டும் என்ற முடிவுக்கு வர அந்த எண் உதவியது.

சிந்தித்துப் பாருங்கள். 1984ல் ஒருவர் போய் எண்ணாமல் இருந்திருந்தால், 2011ல் போனவர் "இங்கே ஆமைகள் பரவாயில்லை, நிறைய இருக்கின்றன" என்றுதான் எழுதியிருப்பார். சர்வே வேலையில் பெஞ்ச் மார்க் என்று ஒரு குறி வைப்போம். ஒரு கல்லில் செதுக்கிய சாதாரணக் குறி. ஆனால் அதிலிருந்துதான் பாதை எவ்வளவு தாழ்ந்தது, பாலத்தின் தூண் எவ்வளவு இறங்கியது என்று பிற்காலத்தில் சொல்ல முடியும். பாஸ்கர் வைத்துவிட்டுப் போனவை அத்தகைய பெஞ்ச் மார்க்குகள்.

அதே ஆண்டில் கேரளக் காட்டில்

1982ல் பாஸ்கர் சுஹேலித் தீவிலிருந்து திரும்பிய அதே காலத்தில், அதே சென்னைப் பாம்புப் பண்ணையில் பயின்ற ஓர் இளம்பெண் கேரளக் காட்டில் வேறோர் ஆமையைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் ஜெ. விஜயா, சென்னை எத்திராஜ் கல்லூரியில் விலங்கியல் படித்தவர், ஊர்வன ஆராய்ச்சியில் இறங்கிய முதல் இந்தியப் பெண்மணி என்று போற்றப்படுபவர். கொச்சி சமஸ்தானக் காட்டிலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 1912ல் விவரிக்கப்பட்ட ஒரு சிறிய ஆமை, அதன்பின் எழுபது ஆண்டுகள் விஞ்ஞானிகள் கண்ணில் படவேயில்லை. விஜயா சாலக்குடிக் காட்டுப் பகுதியில் காடர் இன மக்களின் உதவியோடு அதைக் கண்டுபிடித்தார். மலையாளத்தில் அதைச் சூரலாமை என்பார்கள். சூரல் என்றால் பிரம்பு. உள்ளங்கையில் அடங்கும் அளவு. தண்ணீரில் அல்ல, ஈரக் காட்டின் சருகுகளுக்கிடையே வாழ்வது. பிறகு மாதக்கணக்கில் காட்டிலேயே தங்கி அதன் வாழ்க்கையை ஆராய்ந்தார்.

விஜயா 1987ல், முப்பது வயதுக்கு முன்பே காலமானார். 2006ல் அந்த ஆமைக்கு விஞ்ஞானிகள் புதிய பேரினப் பெயர் சூட்டியபோது, விஜயாகீலிஸ் என்று அவர் பெயரையே வைத்தார்கள். கீலிஸ் என்றால் கிரேக்கத்தில் ஆமை. அவருடைய குறிப்புகள் 2009ல்தான் ஆய்வுக் கட்டுரையாக முழுமை பெற்றன. எழுதியவர் மறைந்து 22 ஆண்டுகள் கழித்தும் அவருடைய நோட்டுப் புத்தகம் வேலை செய்தது.

கலாத்தியாவின் கதை

2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி பெரிய நிகோபாரைத் தாக்கியது. நிலமே தாழ்ந்து, ஏழுவரி ஆமைகள் முட்டையிட்ட கலாத்தியா மணற்கரை அழிந்தது. ஆமைகள் அவ்வளவுதான் என்று பலரும் எண்ணினார்கள். ஆனால் அலைகள் மெல்ல மெல்ல மணலை மீண்டும் கொண்டுவந்து சேர்த்தன. ஆமைகளும் திரும்பி வந்தன. சிறிய அந்தமானில் முட்டையிட்ட ஏழுவரி ஆமைகளின் மேல் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பார்த்தபோது, சில ஆஸ்திரேலியா பக்கமும், ஒன்று ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் வரையிலும் போனது தெரிந்தது.

2021 ஜனவரியில், துறைமுகத் திட்டத்துக்காகக் கலாத்தியா வளைகுடாவின் சரணாலய அந்தஸ்து நீக்கப்பட்டது. 2022 நவம்பரில் பெரிய நிகோபார்த் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைத்தது. நாட்டுக்குத் துறைமுகம் தேவை. கட்டுமான வேலையிலேயே காலம் கழித்த நான் அதை மறுக்கவில்லை. ஆனால் எந்த இன்ஜினியரும் அஸ்திவாரம் தோண்டும் முன் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கடமைப்பட்டவர். சுனாமி கொண்டுபோன மணலைக் கடல் திருப்பிக் கொடுத்தது. கான்கிரீட் போட்ட இடத்தைக் கடல் திருப்பிக் கொடுக்காது. அங்கே என்ன இருக்கிறது என்று இன்று நாடு விவாதிக்க முடிகிறதென்றால், அதற்கு அடிப்படை 1970களிலிருந்து எழுதி வைக்கப்பட்ட கணக்குகளே.

நம் கரையில் நாம்

பாஸ்கர் 1990களின் பிற்பகுதியில் கோவாவில் குடும்பத்துடன் அமைதியாக வாழ்ந்தார். 2010ல் அதே கோவாவில் நடந்த உலகக் கடலாமை மாநாட்டில் அவருக்கு விருது வழங்கிச் சிறப்பித்தார்கள். 2023 மார்ச்சில் காலமானார். அவரைப் பற்றி டைரா மலானி இயக்கிய 'டர்ட்டில் வாக்கர்' என்ற ஆவணப்படம் 2024ல் வெளிவந்தது.

கேரளத்தில் நல்ல முன்மாதிரிகள் உண்டு. கோழிக்கோடு மாவட்டம் பய்யோளிக்கு அருகே கொளாவிப்பாலத்தில் மீனவ இளைஞர்கள் 1992 முதல் சிற்றாமை முட்டைகளைக் காத்து வந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பெரிய எதிரி கடல் அரிப்பு. மணல் இல்லாவிட்டால் குழி ஏது? அரிப்பைத் தடுக்கப் போடும் கருங்கல் சுவர் வீடுகளைக் காக்கலாம்; ஆனால் அதன்மேல் ஆமை ஏற முடியாது. சங்குமுகத்தில் கடல் எவ்வளவு உள்ளே வந்துவிட்டது என்பதை இங்கே வெகுகாலமாக வாழும் நம் குடும்பங்கள் கண்ணாரக் கண்டிருக்கின்றன.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. கடற்கரையில் பிளாஸ்டிக் பையை விட்டு வராதீர்கள். ஏழுவரி ஆமைக்குப் பையும் சொறிமீனும் ஒன்றாகத் தெரியும். இரவில் ஆமையையோ குஞ்சுகளையோ கண்டால் டார்ச் அடிக்காதீர்கள். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கித் திரும்பிவிடும். தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வனத்துறைக்குத் தெரிவியுங்கள். முட்டையைத் தொடுவதும் எடுப்பதும் சட்டப்படி குற்றம்.

இன்னொன்று பிள்ளைகளுக்கு. ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் தேதி போட்டு, ஒரே இடத்திலிருந்து அலை விளிம்பு வரை எத்தனை அடி என்று நடந்து பார்த்து எழுதுங்கள். கரை ஒதுங்கிய மீன், சிப்பி, செத்த ஆமை எது கண்டாலும் எழுதுங்கள். மீனவர் தாத்தாக்களிடம் பெயர் கேட்டு, தமிழிலும் மலையாளத்திலும் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதுவது அற்பமாகத் தோன்றலாம். இருபது வருஷம் கழித்து அந்த இடத்தைப் பற்றி அந்த ஒரு நோட்டுதான் சாட்சியாக இருக்கக்கூடும்.

பிள்ளைகளுக்குச் சில கேள்விகள்

1. இந்தியக் கடல்களில் காணப்படும் ஐந்து கடலாமைகளின் தமிழ்ப் பெயர்களைச் சொல்லுங்கள்.

2. மணலில் இரு பக்கமும் சீரான, இரண்டு மீட்டர் அகலத் தடம் இருந்தால் அது எந்த ஆமை?

3. ஒரு கரையில் ஒரு பருவத்தில் 85 முட்டைக்குழிகள். ஓர் ஆமை சராசரியாக ஐந்து முறை முட்டையிட்டால், வந்த ஆமைகள் எத்தனை?

4. சுஹேலியிலிருந்து பாட்டில் ஏன் வடக்கே குஜராத்துக்குப் போகாமல் இலங்கைக்குப் போனது?

5. கொல்லம் கரைக்கும் ஜமுர்ஸ்பா மேதிக் கரைக்கும் நேர்ந்த இழப்பில், ஒன்றின் அளவு நமக்குத் தெரிகிறது. மற்றொன்றின் அளவு தெரியவில்லை. ஏன்?

ஐந்தாவது கேள்வியைப் பெற்றோரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பாடம் முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கிறது.